ஆறு மாதத் தலைவர்: மேலவளவு முருகேசன்

2019 டிசம்பர் கடைசியில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, முதல்முறை ஓட்டுப் போட வந்த பிள்ளைகள் சிலர் வாக்குச்சாவடிக்குள் திகைத்து நின்றதைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தும் எந்திரம் அங்கே இல்லை. ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும். நம் ஊராட்சித் தேர்தல் இன்னும் பெட்டியில்தான் நடக்கிறது.

அந்த இளஞ்சிவப்புச் சீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. திருப்பாலைவனம், பழவேற்காடு பக்கத்துத் தெருக்களில் மாலை நேரத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் பேசப் போகும்போது மேலவளவு முருகேசனைத் தெரியுமா என்று கேட்பதுண்டு. பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஜூன் 30 அன்று ஒட்டப்படும் சுவரொட்டியில் பார்த்திருக்கிறார்கள். அவர் என்ன செய்தார் என்று கேட்டால், வெட்டிக் கொன்றார்கள் என்கிறார்கள். அது அவருக்குப் பிறர் செய்தது. அவர் செய்தது என்ன என்பதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் இருக்கிறது மேலவளவு. சுற்றிலும் பாறைக் குன்றுகள், கண்மாய்கள், வயல்கள். ஊரில் நிலமும் அதிகாரமும் கள்ளர் சமூகத்தினரிடம் இருந்தன. பறையர் குடும்பங்கள் பெரும்பாலும் அவர்கள் வயலில் கூலி வேலை செய்து பிழைத்தன. முருகேசன் அந்தச் சேரியில் பிறந்தவர்.

ஊராட்சி என்றால் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும்தான் என்று நினைக்கிறோம். அந்தப் பக்கத்து ஊராட்சிகளில் அதற்கு மேலும் உண்டு. கண்மாயில் மீன் பிடிக்கும் குத்தகை, புளியமரங்களின் மகசூல் என்று பொதுச்சொத்தை ஏலம் விடுவதில் ஊராட்சித் தலைவரின் வார்த்தைக்குப் பலம் உண்டு. பழவேற்காடு ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே ஏரியில் யார் எங்கே, எந்த நாளில் வலை போடலாம் என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. பாட்டில் பெயர் இருப்பவர்களுக்கு முறை வரும். பெயர் இல்லாத நம் தெருக்காரர்களும் இருளர் மக்களும் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். பொதுவில் கிடக்கும் நீர் யாருக்குப் பொது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். மேலவளவிலும் கேள்வி அதுதான்.

1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவியிலும் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை அளவில் இடம் ஒதுக்க வேண்டும் என்றது. அதையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஆனால் தேர்தல் உடனே வரவில்லை. 1986க்குப் பிறகு பத்து ஆண்டுகள் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. 1996 அக்டோபரில்தான் நடந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு இடஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியானபோது, மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு ஒரு காகிதம்தான். சேரியில் அது வேறு மாதிரி வந்து இறங்கியது. யாரும் மனுத் தாக்கல் செய்யக் கூடாது என்று ஊர்த் தரப்பிலிருந்து மிரட்டல் வந்தது. மீறினால் வயல் வேலை கிடைக்காது. சேரியில் குடிசைகள் தீக்கிரையாகின. தேர்தலில் நிற்பது என்றால் சுவரொட்டி ஒட்டி, கைகூப்பி, தெருத்தெருவாக வருவது என்றுதான் நமக்குத் தெரியும். அங்கே வேட்பு மனுவில் கையெழுத்துப் போடுவதே வீட்டுக் கூரையைப் பணயம் வைப்பதாக இருந்தது.

முருகேசனும் இன்னும் சிலரும் மனுத் தாக்கல் செய்தார்கள். மிரட்டல் பெருகியதும் திரும்பப் பெற்றார்கள். அக்டோபர் தேர்தல் மேலவளவில் நடக்காமல் போயிற்று. இந்த இடத்தை மேடைப் பேச்சாளர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். தலைவர் பின்வாங்கினார் என்று சொல்லக் கூச்சம் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள், அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள், எரிந்த குடிசையைக் கண்ணால் பார்த்தவர்கள் பயந்தார்கள். பயந்தவர்கள்தான் இரண்டு மாதம் கழித்து மறுபடி மனுவோடு வந்தார்கள். முருகேசன் செய்தது அதுதான். பயம் தெரியாத ஆள் என்று அவரைப் படம் வரைந்துவிட்டால், இன்று பயந்துகொண்டிருக்கிற நம் பிள்ளைக்கு அவர் எந்த வகையிலும் உதவ மாட்டார்.

அதிகாரிகள் இரு தரப்பையும் அழைத்துப் பேசினார்கள். பாதுகாப்புத் தருவதாகச் சொல்லி மறுபடி தேர்தல் தேதி குறித்தார்கள். 1996 டிசம்பர் 28. முருகேசன் வேட்பாளர்.

அன்று வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே கும்பல் புகுந்தது. வாக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேர்தல் நின்றது.

வாக்குச்சாவடி ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சாவடி எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே போகும் வழி யார் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறது, வரிசையில் யார் நிற்கிறார்கள், உள்ளே முகவராக யார் உட்கார்ந்திருக்கிறார், வெளியே எத்தனை போலீசார் இருக்கிறார்கள். ஓட்டு யாருக்கு விழும் என்பதில் பாதி இதிலேயே முடிந்துவிடும். என் பாட்டி ஒவ்வொரு தேர்தலுக்கும் ஊர்த்தெரு வழியாக நடந்துபோய்த்தான் ஓட்டுப் போட்டாள். அந்தத் தெருவில் அவள் செருப்புப் போட்டு நடந்து நான் பார்த்ததில்லை. மறைப்புக்குப் பின்னால் முத்திரை குத்தும் அந்த அரை நிமிடம் மட்டும் அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். போகிற வழியும் வருகிற வழியும் அவர்களுடையது.

மேலவளவில் மூன்றாம் நாளே, டிசம்பர் 31 அன்று, மறுவாக்குப்பதிவு வைத்தார்கள். இந்த முறை போலீஸ் காவல் பலமாக இருந்தது. ஆதிக்கச் சாதியினர் வாக்களிக்க வரவில்லை, புறக்கணித்தார்கள். சேரி மக்கள் வந்தார்கள். முருகேசன் வென்றார். மூக்கன் துணைத் தலைவரானார். அவரும் சேரிக்காரர்.

துணைத் தலைவர் விஷயத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஊராட்சிக் காசோலையில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. அவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் தனி ஊராட்சிகள் பலவற்றில் தலைவராக நம் ஆள் உட்கார்ந்திருப்பார், துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்திருப்பார், தெருவிளக்குக்குக் கூடப் பணம் எடுக்க முடியாது. மேலவளவில் இரண்டு பேனாவும் சேரியில் இருந்தன. இது ஒரு தற்செயல்தான், புறக்கணிப்பால் விளைந்த தற்செயல். ஆனால் ஊர்ப் பெரியவர்களுக்கு அது எப்படி எரிந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

பதவி கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குள் முருகேசனை நுழைய விடாமல் தடுத்தார்கள். போலீஸ் துணையில்லாமல் தலைவர் தன் அலுவலகத்துக்குப் போக முடியாத நிலை. மிரட்டல் நிற்கவில்லை. உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என்ன செய்தார்கள் என்பதைப் பின்னால் நடந்தது சொல்லும்.

முருகேசன் வேலையை விடவில்லை. மனு எழுதினார், அலுவலகங்களுக்கு அலைந்தார். தேர்தலையொட்டி எரிந்த குடிசைகளுக்கு இழப்பீடு வாங்கித் தர வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று. சாலை போட்டார், பாலம் கட்டினார் என்று சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வீடு இழந்தவர்களுக்கு நியாயம் கேட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகப் படி ஏறினார் என்பதே அவர் ஆட்சிக் காலத்தின் பதிவு. ஒரு ஊராட்சித் தலைவருக்கு அது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை.

1997 ஜூன் 30, திங்கட்கிழமை. இழப்பீடு விஷயமாக முருகேசன் இன்னும் சிலரோடு மதுரை ஆட்சியர் அலுவலகம் போயிருந்தார். வேலை முடிந்து மேலூர் வந்து, மேலவளவு போகும் தனியார் பேருந்தில் ஏறினார்கள். பட்டப்பகல். பேருந்து நிறைய ஆட்கள். ஊர் நெருங்கும்போது பேருந்து மறிக்கப்பட்டது. அரிவாள்களோடு ஒரு கும்பல் பாய்ந்தது. முருகேசன், மூக்கன், ராஜா, சேவகமூர்த்தி, செல்லத்துரை, பூபதி ஆகிய ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள்.

இதற்கு மேல் அந்த மதியத்தை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். டிசம்பர் 31இல் வென்றவர் ஜூன் 30இல் இறந்தார். சரியாக ஆறு மாதம்.

அந்த ஆண்டு தென் தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்தது. போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டி எழுந்த கலவரத்தில் மாவட்டங்கள் எரிந்தன. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்களை எல்லாம் அரசு நீக்கியது அந்தச் சமயத்தில்தான். அதே மதுரையில் ஏப்ரல் மாதம் வில்லாபுரத்தில் மாமன்ற உறுப்பினர் லீலாவதியை வெட்டிக் கொன்றிருந்தார்கள். குடிநீருக்காகப் போராடியவர். அவரும் 1996 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்தான். ஒரே தேர்தலில் ஒரே மாவட்டத்தில் வென்ற இருவர் ஓராண்டு முடிவதற்குள் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். கீழிருந்து அதிகாரம் என்று டெல்லியில் எழுதிய சட்டம் கீழே வந்து சேர்ந்தபோது இதுதான் விலை.

வழக்கில் 40 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். மதுரைப் பக்கம் நடந்தால் சாட்சிகள் நிற்க முடியாது என்பதால் விசாரணை சேலத்துக்கு மாற்றப்பட்டது. வெட்டுக் காயங்களோடு தப்பியவர்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். அன்றாடம் கூலிக்குப் போனால்தான் சோறு என்று இருப்பவர்கள், மேலூரிலிருந்து சேலத்துக்குப் பேருந்து ஏறி, பேருந்தில் நடந்த கொலையைப் பற்றிச் சொல்லப் போனார்கள். வழக்கறிஞர் பொ. ரத்தினம் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் இதைச் சுமந்தார்கள். 2001 ஜூலை 26 அன்று சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மற்றவர்கள் விடுதலை. கொலைக் குற்றம் நிரூபணமானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டனை கிடைக்கவில்லை. சாதிக்காக நடந்த கொலை இல்லையென்றால் எதற்காக நடந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆயுள் தண்டனையை 2006இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன.

ஆயுள் தண்டனை ஆயுள் வரை போகவில்லை. 2008இல் அண்ணா பிறந்தநாளையொட்டிச் சிலர் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காரணம் காட்டி எஞ்சியிருந்த 13 பேரையும் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. ஒன்றை ஒரு கட்சி ஆட்சி செய்தது, மற்றதை இன்னொரு கட்சி ஆட்சி செய்தது. நம்மவர் இரண்டு கொடிக்கும் கீழே நின்று சண்டை போட்டுக்கொள்வதால் இதைச் சொல்லி வைக்கிறேன். 13 பேர் வெளியே வந்த அடுத்த மாதம்தான் நான் முதலில் சொன்ன நான்கு வண்ணச் சீட்டுத் தேர்தல் நடந்தது.

முருகேசன் இறந்ததோடு கதை முடிந்திருந்தால் மிரட்டியவர்கள் ஜெயித்தார்கள் என்று எழுதலாம். சில ஊர்களில் பத்தாண்டுகள் அவர்கள்தான் ஜெயித்தார்கள். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு தனி ஊராட்சிகளிலும் 1996 முதல் ஒழுங்கான தேர்தல் இல்லை. மனுப் போட ஆள் இருக்காது. இருந்தால் ஊர் நிறுத்திய ஆள் வென்று, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். மறுபடி தேர்தல், மறுபடி ராஜினாமா. கேட்கச் சிரிப்பு வரும். பத்தாண்டுகள் அங்கே சேரி மக்களுக்குக் கிடைத்த ஜனநாயகம் இவ்வளவுதான். 2006 அக்டோபரில், அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசி, தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து முதலமைச்சர் கருணாநிதி அவர்களைப் பாராட்டினார். நிர்வாகம் மனம் வைத்தால் தேர்தல் நடத்த முடியும் என்று அப்போது தெரிந்தது. அதே மனத்தை 1997இல் மேலவளவில் வைத்திருக்கலாம்.

இதெல்லாம் தெற்கே நடந்தது, நம் திருவள்ளூர் மாவட்டம் அப்படியில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. 2020 ஆகஸ்ட் 15 அன்று அந்த ஊராட்சியின் தலைவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண், சுதந்திர தினக் கொடியை ஏற்ற விடப்படவில்லை. செய்தி வெளியே வந்தபின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் நேரில் போய் நின்று அவரைக் கொடி ஏற்ற வைத்தார். அரிவாள் இல்லை, தீ இல்லை. கயிற்றைத் தொடாதே என்பது மட்டும்தான். முருகேசனை அலுவலகத்துக்குள் விடாத கையும் கயிற்றைத் தொட விடாத கையும் வேறு வேறா என்று எனக்குச் சந்தேகம்.

மேலவளவில் அந்த ஆறு பேரையும் புதைத்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. விடுதலைக் களம் என்று பெயர். ஒவ்வொரு ஜூன் 30 அன்றும் அங்கே கூட்டம் கூடுகிறது. கட்சிக்கு ஒரு நேரம், இயக்கத்துக்கு ஒரு நேரம் என்று போலீசார் பிரித்துக் கொடுக்கிறார்கள். வெள்ளை வேட்டிகள், கேமராக்கள், முழக்கம். மாலையானால் எல்லோரும் வண்டியேறிவிடுகிறார்கள். நானும் அப்படி ஏறி வந்தவன்தான்.

நம் மாவட்டத்தில் கடந்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்தல் எப்போது வந்தாலும் எந்த ஊராட்சி யாருக்கு என்ற பட்டியல் அதற்கு முன்னால் வரும். பட்டியல் வந்த அன்றே டீக்கடையில் பேச்சு தொடங்கும். நம் தெருவில் யாரை நிறுத்தினால் தொந்தரவு தராமல் கையெழுத்துப் போடுவான் என்று ஊரில் ஆள் தேடுவார்கள். முருகேசன் செய்த காரியத்தின் அளவு அப்போதுதான் புரியும். அவரும் அப்படி ஒரு ஆளாக இருந்திருந்தால் இன்று பேரன் பேத்திகளோடு இருந்திருப்பார்.

சென்ற வாரம் ஏரிக்கரைத் தெரு ஒன்றில் பேசிக்கொண்டிருந்தபோது, இறால் பிடிக்கப் போகும் அக்கா ஒருவர் வார்டு உறுப்பினருக்கு நிற்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டார். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 100 ரூபாய். தலைவருக்கு 600, நமக்கு 300. 21 வயது முடிந்திருக்க வேண்டும். தனி வார்டில்தான் நிற்க வேண்டும் என்று இல்லை, பொது வார்டிலும் நிற்கலாம், அங்கேயும் நமக்குப் பாதிக் கட்டணம்தான். பொது வார்டிலுமா என்று அவர் இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் வீட்டு எண்ணும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சாதிச் சான்றிதழுக்குத் தேர்தல் நேரத்தில் அலையாமல் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள் என்று சொன்னேன். தன் மகளைக் கூப்பிட்டு, நோட்டில் எழுதச் சொன்னார்.